கொலுசுப் பட்டறையில் எப்படிச் சாட்சி சொல்வது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் 27 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை. ஆனாலும் விசுவாசம் மேலோடு நின்றுவிட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது. 'வேலை செய்யும் இடத்தில் சாட்சியாக இருங்கள்' என்று போதகர் வாரந்தோறும் சொல்கிறார். பட்டறையில் பதினான்கு பேர். நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். வாய் திறந்தால் மதம் மாற்ற வந்தவன் என்பார்களோ என்று பயம். திறக்காவிட்டால் ஆண்டவரை மறுதலித்தவன் ஆவேனோ என்று அதைவிடப் பயம். என்ன செய்வது?"

தம்பி, நான் போதகன் அல்ல. ஏற்காட்டில் முப்பத்தொரு வருடம் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன்; வீட்டுக் கூட்டங்களில் வேதபாடம் எடுத்த பழக்கம் உண்டு. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நான் ஜெபம் என்பேன், அவர் செபம் என்பார். அந்த எழுத்து வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. ஆகவே இரண்டு பக்கத்து வார்த்தைகளும் இதில் கலந்து வரும்.

சாட்சி சொல்வதை, அதாவது தன் விசுவாசத்தை மற்றவருக்குச் சொல்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 1 பேதுரு 3:15-ஐ எடுப்பார்கள். நானும் எடுக்கிறேன், ஆனால் ஒரு வார்த்தைக்காக. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இதில் 'உத்தரவு' என்றால் கட்டளை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் காலத் தமிழில் அதற்கு 'பதில்' என்று பொருள். நான் குறிப்பிட வந்த வார்த்தை 'கேட்கிற' என்பது. இந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று முதல் வசனத்திலேயே இருக்கிறது: பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறிக் கிடந்தவர்களுக்கு. ஊரார் சந்தேகத்தோடு பார்த்த சிறு கூட்டம் அது. பதினான்கில் ஒருவர் என்ற உங்கள் கணக்குக்கு மிக அருகில் இருந்தவர்கள். அவர்களிடம் பேதுரு தெருவில் நின்று கூவச் சொல்லவில்லை. கேட்டால் பதில் வைத்திருங்கள் என்கிறார். அப்படியானால் உங்களுக்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, யாராவது கேட்கும்படி உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு, கேட்கும்போது மழுப்பாமல் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டாவதில் நான் ஒருமுறை மோசமாகத் தோற்றேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நமக்கெல்லாம் வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் பீரோ கதவில் நான்கைந்து வருடத்து அட்டைகள் ஒட்டியிருக்கும். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. நமக்காகத் தேவன் நினைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்ற வசனம். அருமையான வசனம். ஆனால் அட்டையில் அதற்கு முந்தைய வசனம் வருவதே இல்லை. இது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். "எழுபது வருஷம் ஆகும்" என்பதுதான் பத்தாம் வசனம். அதாவது கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே அங்கேயே இறந்துபோவார்கள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது கடிதம். பட்டணம் என்பது அவர்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணம்! அட்டையில் ஒரு மிட்டாய்போல இருந்த வசனம் முழு அதிகாரத்தில் எவ்வளவு கனக்கிறது பாருங்கள். விசுவாசம் மேலோடு நின்றுவிடுவதற்குப் பெரும் காரணம், நாம் வேதத்தை வசனம் வசனமாகக் கிள்ளித் தின்பதுதான் என்பது என் கட்சி.

(சேலம் என்ற பெயரே வேதத்தில் மெல்கிசேதேக்கு ஆண்ட சாலேம் என்று மேடையில் சிலர் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். நம் ஊர்ப் பெயருக்குச் சைலம் என்றும் சேரலம் என்றும் மலையையும் சேரரையும் வைத்துத்தான் காரணம் சொல்கிறார்கள். ஒலி ஒற்றுமையில் விசுவாசம் கட்டக் கூடாது.)

ஆகவே மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், வாய்விட்டு. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், 1995-இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு மேசையில் இரண்டும் இருக்கின்றன. ஒரே வசனத்தை இரண்டு தமிழில் படிக்கும்போது, பழகித் தேய்ந்த வார்த்தை திடீரென்று விழித்துக்கொள்ளும். படித்து முடித்ததும் 'இதில் எனக்கு என்ன ஆசீர்வாதம்' என்று தேடாதீர்கள். 'இயேசு இங்கே யாரிடம் பேசுகிறார், அவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்' என்று பாருங்கள். மாற்குவில் சீஷர்களுக்கே பாதி விஷயம் புரியவில்லை. நமக்கு அது பெரிய ஆறுதல்.

ஜெபத்தில் ஐந்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துபோவது எல்லாருக்கும் நடப்பதுதான். சொந்தச் சரக்கு அவ்வளவுதான் இருக்கும். அதனால்தான் சபை ஆதிமுதல் வேதத்தில் உள்ள சங்கீதங்கள் என்னும் ஜெபப் பாடல்களைக் கடன் வாங்கி ஜெபித்தது. பெனடிக்ட் மடங்களில் 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் முடிப்பார்கள். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அதையே 30 நாளுக்குப் பிரித்து வைத்தார்கள். கணக்கு எழுதுகிறவருக்குச் சொல்லவா வேண்டும்: ஒரு நாளைக்கு ஐந்து. அவற்றில் துதி மட்டும் இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரி கிடையாது. நம் கூட்டங்களில் அதை யாரும் வாசிக்கக் கேட்டதில்லை. ஆனால் அதுவும் வேதத்தில் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது.

இரவில் படுக்கும்முன் பத்து நிமிடம் அன்றைய நாளைத் திருப்பிப் பாருங்கள். கத்தோலிக்கர் இதை ஆன்ம சோதனை என்பார்கள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் சபையாரிடம் இதை வற்புறுத்தினார். காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துக்கொண்டு, எங்கே நன்றி சொல்ல வேண்டும், எங்கே வருந்த வேண்டும் என்று பார்ப்பது. நீங்கள் தினமும் சாயங்காலம் பேரேட்டைச் சரிபார்க்கிறீர்கள் அல்லவா, அதே பழக்கம்தான். கூட ஜெபிக்க மூன்று நான்கு பேர் இருந்தால் நல்லது. இப்படிக் கூடும் சிறு குழுவுக்குக் கத்தோலிக்கப் பங்கில் அன்பியம் என்று பெயர், நம்மில் வீட்டுக் கூட்டம். ஒரே எச்சரிக்கை: 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் அடுத்த வீட்டுக் கதை உள்ளே நுழைந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரான்சிஸ் சலேசியார் என்று ஓர் ஆயர் இருந்தார். 1567-இல் பிறந்து 1622-இல் இறந்தவர். ஏற்காட்டில் 'ரிட்ரீட்' நடத்தும் சலேசிய சபைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பக்தி என்பது மடத்தில் இருப்பவருக்கு ஒரு விதம், கைவினைஞருக்கு ஒரு விதம், குடும்பஸ்தருக்கு ஒரு விதம். தொழிலோடு ஒட்டாத பக்தி பொய்ப் பக்தி என்பது அவர் சொன்னதன் சாரம். நீங்கள் கொலுசுப் பட்டறைக் கணக்கர். உங்கள் பக்தி கொலுசுப் பட்டறைக்குப் பொருந்த வேண்டும்.

அங்கே அது எங்கே தெரியும்? எடையில் தெரியும். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 சொல்வது உங்கள் மேசைமேல் இருக்கும் தராசைப் பற்றித்தான். வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்கு முத்து கோத்தும் பற்றவைத்தும் கொண்டுவந்து கொடுக்கும் பெண்களுக்கு எடைக் கணக்கில் கூலி போடுகிறீர்கள். சேதாரம் கழிக்கிறீர்கள். அரை கிராம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வரும்போது உங்கள் பேனா எந்தப் பக்கம் சாய்கிறது? சாயங்காலம் அவசரத்தில் போட்ட கணக்கில் ஓர் அம்மாவுக்கு நாற்பது ரூபாய் குறைந்துபோனால், மறுநாள் நீங்களே கூப்பிட்டுக் கொடுப்பீர்களா, அவர் கவனித்துக் கேட்கட்டும் என்று இருப்பீர்களா? சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு மனந்திரும்பியதும் முதலில் பேசியது பணத்தைப் பற்றித்தான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காகத் திருப்புகிறேன் என்றான். ஆனால் ஒன்று: நேர்மை கிறிஸ்தவர்களின் குத்தகை என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் முதலாளி நம் சபை மூப்பரைவிட நாணயமானவராக இருக்கலாம். அதைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளுங்கள், அவரிடமே சொல்லுங்கள்.

உங்கள் தொழிலை வைத்தே மேடையில் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளியை உருக்குகிறவர் அதில் தன் முகம் தெரியும்வரை புடமிடுவாராம். அதுபோலத் தேவன் நம்மில் தம் முகம் தெரியும்வரை காத்திருக்கிறாராம். மல்கியா 3:3-இல் அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுவது மட்டும்தான் இருக்கிறது. முகம் பார்ப்பது இல்லை. இதை நீங்கள் பட்டறையில் சொன்னால் உருக்குகிறவரே சிரிப்பார், 'டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்க மெஷின் இருக்கிறதே' என்று. சொல்வது உண்மையா என்று சோதிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் ஜோடித்த கதையைச் சொல்லாதீர்கள். 'ஜெபித்தால் கடன் தீரும்', 'பரீட்சையில் தேறலாம்' போன்ற வாக்குறுதிகளும் அப்படியே. நீங்கள் கொடுக்க முடியாததை ஆண்டவர் பெயரில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பட்டறை வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வசனப் படம் போடும் யோசனை இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து ஆயுத பூஜை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் பயத்தின் நடு மையம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டறையைக் கழுவி, உலையில் இருந்து தராசு வரை சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் வைத்துக் கும்பிடும்போது பதினான்காவது ஆள் எங்கே நிற்பது?

இதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடும். ஒரே சபைக்குள் ஆளுக்கு ஆள் வேறுபடும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதே சிக்கலைத்தான். 1 கொரிந்தியர் 10-இல் அவர் சொல்வது சுருக்கமாக இது: விக்கிரகத்துக்குச் செய்யும் வழிபாட்டில் பங்காளி ஆகாதே. ஆனால் கடையில் விற்பதையும் விருந்தில் வைப்பதையும் துருவி விசாரிக்காமல் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், அவர் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது நாகமானின் கதை. யோர்தானில் ஏழு தரம் முழுகிக் குஷ்டம் நீங்கிய அந்தச் சீரியப் படைத்தலைவன், இனி கர்த்தருக்கே பலியிடுவேன் என்று எலிசாவிடம் சொல்கிறான். அப்புறம் தயங்கி ஒன்று கேட்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா பிரசங்கம் செய்யவில்லை. 'சமாதானத்தோடே போ' என்றார், அவ்வளவுதான் (2 இராஜாக்கள் 5:19). நேற்றுதான் விசுவாசத்துக்கு வந்தவனை, நாளை வேலைக்குப் போக வேண்டியவனை, அந்தத் தீர்க்கதரிசி எவ்வளவு மென்மையாக விட்டார்!

என் வழக்கத்தைச் சொல்கிறேன். பள்ளியில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அறையைக் கழுவ முதல் ஆளாகப் போய்விடுவேன். பெஞ்சு தூக்குவேன், ஒட்டடை அடிப்பேன். பூஜை நேரத்தில் கடைசி வரிசையில் அமைதியாக நிற்பேன். கும்பிட மாட்டேன், முகம் சுளிக்கவும் மாட்டேன். பொரியை நீட்டினால், "படைத்ததை நான் சாப்பிடுவதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தனிப் பொட்டலத்திலிருந்து கொடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். மூன்றாவது வருடம் அவர்களே எனக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். என் மனைவி வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். அவர் மனச்சாட்சி அவருக்கு. கழுவுகிற அன்று காணாமல் போய், பூஜை அன்று மட்டும் கொள்கை பேசுகிறவரைத்தான் யாருக்கும் பிடிக்காது. கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும் கல்கலாவும் நிறையச் செய்து பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பொட்டலத்துக்குள் சுவிசேஷத் துண்டுப் பிரசுரம் செருகாதீர்கள். தின்பண்டம் தின்பண்டமாகவே இருக்கட்டும்.

'மதம் மாற்றுகிறான்' என்ற பேச்சைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பின்பு திரும்பப் பெறப்பட்டது. ஆக, நண்பர் கேட்டு நீங்கள் பதில் சொல்வதில் குற்றம் எதுவும் இல்லை. ஒருவர் உள்ளத்தை மாற்றுவது நம் கையில் இல்லை என்று வேதமும்தான் சொல்கிறது.

நம் பகுதியில் இந்த வேலை நேற்றுத் தொடங்கியதும் அல்ல. லண்டன் மிஷனரி சங்கத்தார் சேலத்துக்கு வந்தது 1827-இல். அதற்கும் இரண்டு நூற்றாண்டு முன்பே, 1623-இல், தத்துவ போதகர் என்று அறியப்பட்ட ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு, ராமச்சந்திர நாயக்கர் ஆண்ட சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்தார். இத்தாலியர், காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றவர். சாதி வரிசைக்கு அவர் விட்டுக்கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மேல்சாதியார் மனம் கோணாதிருக்க மற்றவர்களைத் தள்ளி வைத்ததன் வடு சபைக்குள் நெடுநாள் இருந்தது. ஆனால் பேசுவதற்கு முன் எதிரில் இருப்பவர் எப்படி யோசிக்கிறார் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்றாரே, அதை மறுக்க முடியாது. நீங்கள் உங்கள் பட்டறையில் பக்கத்து இருக்கைக்காரர் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் ஏன் விரதம் இருக்கிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். மறுத்துப் பேசுவதற்காக அல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், "நான் ஜெபிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் வேண்டாம் என்பவர் அபூர்வம். நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்களா என்ன?

கேட்டால் என்ன சொல்வது? யோவான் 9-இல் பிறவிக் குருடன் பார்வை பெற்றதும் பெரியவர்கள் சூழ்ந்துகொண்டு இறையியல் விசாரணை நடத்துகிறார்கள். அவன் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறான். நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்கிறான். தெரிந்த ஒன்றைச் சொல்வதும் தெரியாததை ஒப்புக்கொள்வதும் ஒரே வாயில் வந்தன. இதை நான் எத்தனையோ முறை வேதபாடத்தில் சொல்லிக் கொடுத்தவன். எனக்கு வந்தபோது செய்யவில்லை.

1994-இல் என் ஆறு வயது மகன் காய்ச்சலில் இறந்துபோனான். மூன்றாவது வாரம் பள்ளிக்குத் திரும்பினேன். ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியரும் நானும் மட்டும் இருந்தோம். பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். அதுவரை ஒருநாளும் மதம் பேசியதில்லை. அன்று கேட்டார்: "சார், இதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறீர்களே. எப்படிப் போக முடிகிறது?"

பேதுரு சொன்ன 'விசாரித்துக் கேட்கிறவர்' அவர்தான். நான் "எல்லாம் தேவ சித்தம் சார்" என்றேன். சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அதன்பின் ஓய்வு பெறும்வரை அவர் கேட்கவே இல்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் இறங்கி, சேலத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். "அன்று நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் இதுதான் சார். கோபத்தோடுதான் போனேன். பாட்டுப் பாட வாய் வரவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த கிழவிகள் பாடினார்கள். அவர்களில் மூன்று பேர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமும் அப்படியே. எப்போது நானும் பாடத் தொடங்கினேன் என்று நினைவில்லை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே பார்த்துக் காபி கொண்டுவரச் சொன்னார். பிறகு, "அப்போது கோபம் யார் மேல் சார்? இல்லாத ஒருவர் மேல் கோபப்பட முடியாது அல்லவா?" என்றார். எனக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டேன், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சனிக்கிழமை சங்கீதப் புத்தகம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். எழுத்துப் பெரியதாக இருக்க வேண்டுமாம்.